'மேன்ஹேண்டில்' என்று எழுதலாமா?

அக்கரைப்பற்றுச் சகோதரி கேட்டிருப்பது இதுதான். வேலித் தகராறு ஒன்றில் பக்கத்து வளவுக்காரர் அவருடைய தம்பியின் ஷேர்ட்டைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, நெஞ்சில் கைவைத்துத் தள்ளி விழுத்திவிட்டார். பொலிசில் தமிழில் முறைப்பாடு கொடுத்தாயிற்று. இப்போது வெளிநாட்டில் இருக்கும் காணிச் சொந்தக்காரருக்கும் அவருடைய சட்டத்தரணிக்கும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் போகவேண்டும். அதில் 'மேன்ஹேண்டில்' என்று எழுதியிருக்கிறார். ஒரு நண்பர், "அது ஆம்பிளை பொம்பிளையில் கைவைப்பதற்கு மட்டும்தான், தம்பிக்குப் பொருந்தாது" என்றிருக்கிறார். இன்னொருவர் 'மோல்' என்று போடச் சொல்லியிருக்கிறார், அதுதான் கனமாக இருக்குமாம். மூன்றாமவர் 'அசோல்ட்' என்பதைத் தவிர வேறெதுவும் சட்டத்தில் எடுபடாது என்றிருக்கிறார். கடைசியில் சகோதரி, இந்தச் சொற்கள் எல்லாம் எங்கிருந்துதான் வந்தன என்றும் கேட்டிருக்கிறார்.

இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எந்தச் சொல் எவ்வளவு கனம் என்பது ஒன்று, அவற்றின் பிறப்பு என்ன என்பது மற்றது. பிறப்பு தெரிந்தால் கனமும் தெரிந்துவிடும் என்று நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள் போலத் தெரிகிறது. அது பாதிதான் சரி. மட்டக்களப்பில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக நீண்ட காலம் இருந்தவன் நான். முறைப்பாடுகள், வைத்திய அறிக்கைகள், காணி வழக்கு ஆவணங்கள் என்று இரு மொழிகளுக்கும் இடையில் நடந்தே தலை நரைத்தது. சட்டத்தரணி இல்லை. ஆகவே சட்டத்தைப்பற்றி நான் கீழே சொல்வதை உங்கள் சட்டத்தரணியிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். சொற்களைப்பற்றிச் சொல்வதற்கு நான் பொறுப்பு.

முதலில் உங்கள் சொல்லையே எடுப்போம். 'மேன்ஹேண்டில்' என்பதில் உள்ள 'மேன்' ஆண்பிள்ளையைக் குறிக்க வரவில்லை. ஆள் என்ற பொருளில் வந்தது. நாம் "நாலு ஆள் கைபோட்டால்தான் அசையும்" என்கிறோமே, அந்த ஆள். 15ஆம் நூற்றாண்டிலேயே இந்தச் சொல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்போது ஒரு கருவியைக் கையாள்வது என்ற பொருளும், கொஞ்சம் பிந்தி எதிரியைத் தாக்குவது என்ற பொருளும் இருந்தன. பிறகு 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பல்காரர்களின் வாயில் அது மறுபடி உயிர்பெறுகிறது. கப்பியும் நெம்புகோலும் இல்லாமல், வெறும் ஆட்பலத்தால் பாரமான ஒன்றை நகர்த்துவது என்று அவர்கள் பாவித்தார்கள். கல்லடியிலோ பாலமீன்மடுவிலோ கரைவலைத் தோணியை மணலில் ஏற்றும்போது தோள்கொடுத்துத் தள்ளுகிறார்களே, ஆங்கிலத்தில் அதற்குச் சரியான சொல் இதுதான். அதில் வன்முறை எதுவும் இல்லை. ஒரு மனிதனை அப்படிச் சாமான்போலப் பிடித்து இழுத்துத் தள்ளினால் என்ன ஆகும்? 1860களில் அந்தப் பொருளும் அச்சில் வந்துவிட்டது. இன்று நமக்குத் தெரிந்தது அந்தப் பொருள்தான். ஆனாலும் பழையது சாகவில்லை. பியானோவை மாடிக்கு 'மேன்ஹேண்டில்' செய்தோம் என்று இன்றைக்கும் எழுதுவார்கள், எவரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

இதில் இன்னொரு பிழையான விளக்கமும் சுற்றுகிறது. லத்தீனில் கைக்கு 'மானுஸ்' என்று பெயர், ஆகவே 'மேன்' என்பது கை என்று சிலர் சொல்வார்கள். அது இல்லை. 'மேனேஜ்' என்ற சொல்லுக்கு அந்தப் பிறப்பு உண்டு. குதிரையைக் கையால் பழக்குவதற்கு இத்தாலியர் சொன்ன சொல் அது, இன்று முகாமைத்துவத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. 'மேன்ஹேண்டில்' இரண்டு சுத்தமான ஆங்கிலச் சொற்களின் கூட்டு. 'ஹேண்டில்' என்ற பகுதியில் கை ஏற்கெனவே இருக்கிறது, இரண்டாவது கை தேவையில்லை.

ஆகவே நண்பர் சொன்ன ஆண் பெண் கணக்கு தவறு. நம் பக்கத்து ஆங்கிலப் பத்திரிகைகளில் இந்தச் சொல் அடிக்கடி வரும். கூட்டத்தில் செய்தியாளரை இழுத்துத் தள்ளினார்கள், விளையாட்டு வீரர்கள் மத்தியஸ்தரைச் சூழ்ந்து பிடித்து உலுக்கினார்கள் என்ற இடங்களில் எல்லாம் அதுதான். பிடித்தல், இழுத்தல், தள்ளுதல், மரியாதையில்லாமல் உடலில் கைவைத்தல், இவ்வளவும் அதற்குள் அடங்கும். காயம் உண்டா இல்லையா என்பதை அது சொல்லாது. உங்கள் தம்பிக்கு நடந்ததைப் பார்த்தால், நீங்கள் முதலில் எழுதியது சரியான சொல்தான். சும்மா குழம்பியிருக்கிறீர்கள்.

'மோல்' எழுதச் சொன்னவர்தான் எனக்குப் பயமூட்டுகிறார். அது ஒரு சுத்தியல். லத்தீனில் சுத்தியலுக்கு 'மல்லேயுஸ்' என்று பெயர். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ப் பெரிய மரச் சம்மட்டிக்குப் பெயராகி, பிறகு சம்மட்டியால் அடிப்பதுபோல் அடிப்பதையும் குறித்தது. சம்மட்டி இன்றைக்கும் அந்தப் பெயரில் விறகு பிளக்கிறது. ரகர் விளையாட்டிலும் அந்தப் பெயரில் ஒரு கட்டம் உண்டு, பந்து வைத்திருப்பவனை நின்ற நிலையில் எல்லாரும் சேர்ந்து பிடித்து நெருக்குவது. ஆனால் சாதாரண எழுத்தில் ஒருவரை 'மோல்' பண்ணியது என்றால் வாசிப்பவர் மனதில் வருவது கரடி. நகமும் பல்லும் போட்டுச் சதையைக் கிழித்த காட்சி. அம்பாறைக் காட்டோரத்தில் தேன் எடுக்கப் போனவரைக் கரடி பிடித்துவிட்டது என்று ஆங்கிலத்தில் செய்தி வந்தால் அந்தச் சொல் வரும். யானை தூக்கி அடித்தால்கூட அது வராது, அதற்கு வேறு சொற்கள். ஷேர்ட் கிழிந்ததற்கு நீங்கள் அந்தச் சொல்லைப் போட்டால், மறுபக்கச் சட்டத்தரணி கேட்கும் முதல் கேள்வி, "தையல் எத்தனை?" என்பதாகத்தான் இருக்கும்.

'மேங்கிள்' என்பதையும் இதோடு பலர் குழப்புவார்கள். அது வெட்டிச் சிதைத்தல். வாகன விபத்தில் நசுங்கிய இரும்புக்கும், உருத்தெரியாமல் சிதைந்த உடலுக்கும் வருவது. பழைய காலத்தில் துணி பிழிய இரண்டு உருளைகள் வைத்த ஒரு பொறிக்கும் அதே பெயர் இருந்ததால், துணிபோலப் பிழிந்ததிலிருந்து இந்தப் பொருள் வந்தது என்று ஒரு கதை கட்டிவிட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிதைத்தல் என்ற சொல் சுமார் 1400இலேயே பிரெஞ்சு வழியாக வந்துவிட்டது. துணிப்பொறியின் பெயர் 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரிடமிருந்து வந்தது, அதன் வேர் கிரேக்கத்தில் போர்ப்பொறிக்கு வழங்கிய ஒரு சொல். இரண்டும் உறவில்லாத இரட்டையர்.

இனி 'அசோல்ட்'. இதில்தான் பிறப்புக்கும் சட்டத்துக்கும் உள்ள உறவு கொஞ்சம் சுவையானது. லத்தீனில் பாய்தல், குதித்தல் என்ற வேரிலிருந்து வருகிறது இது. ஒருவன்மேல் பாய்வது. 'இன்சல்ட்' என்ற சொல்லும் அதே வேர்தான். ஒன்று உடலால் பாய்வது, மற்றது வாயால் பாய்வது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஒரு நுட்பமான பிரிவு இருந்தது. அடிக்கப் போகிறான் என்று எதிரில் நிற்பவன் அஞ்சும்படி செய்வது 'அசோல்ட்', உண்மையில் கைபட்டால் 'பற்றரி'. இந்த இரண்டாவது சொல் நம் டோர்ச் லைற்றுக்குள் இருக்கும் அதே பற்றரிதான். அடித்தல் என்ற பொருளுள்ள பழைய லத்தீன் வினையிலிருந்து அடிதடிக்கும், கோட்டையை அடிக்கும் பீரங்கி வரிசைக்கும் பெயராகி, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பெஞ்சமின் பிராங்க்ளின் மின்சாரம் சேமிக்கும் ஜாடிகளை வரிசையாக வைத்தபோது பீரங்கி வரிசை நினைவில் அந்தப் பெயரைக் கொடுத்தார். 'பேட்டர்' என்ற வினை, 'கொம்பட்' என்ற போர், 'டிபேட்' என்ற விவாதம், அப்பத்துக்குக் கரைத்து அடிக்கும் மாவு, எல்லாம் அந்த ஒரே குடும்பம்.

நம் நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினுடையது. மெக்காலே வரைந்த இந்தியச் சட்டக்கோவையை முன்மாதிரியாக வைத்து எழுதப்பட்டது. அதில் 'பற்றரி' என்ற குற்றம் இல்லை. அதற்குப் பதிலாக, ஒருவரின் சம்மதமில்லாமல் அவரைக் காயப்படுத்தவோ அச்சுறுத்தவோ தொல்லைப்படுத்தவோ வேண்டுமென்றே பலத்தைப் பாவிப்பது ஒரு குற்றம். அப்படிப் பாவிக்கப் போகிறான் என்று அஞ்சவைக்கும் சைகையோ ஆயத்தமோ 'அசோல்ட்'. முட்டியை மடக்கி ஆட்டிக் காட்டினாலே போதும், வெறும் பேச்சு மட்டும் போதாது. உடலில் நோவை உண்டாக்கினால் காயம், எலும்பு முறிந்தாலோ கண் போனாலோ கடுங்காயம். ஆகவே மூன்றாமவர் சொன்னதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. சட்டச் சொல் என்று அவர் நம்பிய சொல், சட்டத்தின் கண்டிப்பான பொருளில் உங்கள் தம்பிக்கு நடந்ததைவிடக் குறைவானதையே சொல்கிறது. நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது பலத்தைப் பாவித்தது, விழுந்து நொந்திருந்தால் அதற்கும் மேல். ஆனால் அன்றாட ஆங்கிலத்தில் இந்த வேறுபாட்டை யாரும் பார்ப்பதில்லை. பத்திரிகையில் 'அசோல்ட்' என்றால் அடித்துவிட்டான் என்றுதான் எல்லாரும் எடுத்துக்கொள்வார்கள்.

சட்டம் என்று வந்தபிறகு 'மேஹெம்' என்ற சொல்லைச் சொல்லாமல் போக மனமில்லை. இன்று அதற்கு ஒரே கலவரம், அல்லோலகல்லோலம் என்று பொருள். பழைய ஆங்கிலச் சட்டத்தில் அது ஒரு குறிப்பிட்ட குற்றத்தின் பெயர். ஒருவனைச் சண்டை பிடிக்க முடியாதவனாக்கும்படி உறுப்பைச் சேதப்படுத்துவது. முடமாக்குதல் என்ற பொருளில் வரும் 'மெயிம்' என்பதும் அதுவும் ஒரே சொல்லின் இரண்டு உருவங்கள். அரசனுக்குப் போரில் ஆள் குறையக்கூடாது என்பதே அன்றைய நியாயம். அதனால் கையோ கண்ணோ போனால் இந்தக் குற்றம், முன்பல்லை உடைத்தாலும் இந்தக் குற்றம், ஏனென்றால் சண்டையில் பல்லும் ஓர் ஆயுதம். ஆனால் மூக்கையோ காதையோ அறுத்தால் இது இல்லை. அழகுதானே போனது, சண்டை பிடிக்கலாமே! 1670 டிசம்பரில் லண்டனில் சேர் ஜோன் கவென்ட்ரி என்ற நாடாளுமன்ற உறுப்பினரைத் தெருவில் மறித்து மூக்கைக் கீறினார்கள். அரசரைப்பற்றி அவர் சபையில் நக்கலாகப் பேசியதற்கான தண்டனை அது. அதன் பிறகுதான் முகத்தைச் சிதைப்பதைக் கடும் குற்றமாக்கித் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள், அவர் பெயரிலேயே அது வழங்கியது. நம் சட்டக்கோவையிலும் தலையையோ முகத்தையோ நிரந்தரமாக விகாரப்படுத்துவது கடுங்காயங்களில் ஒன்று. உங்கள் கடிதத்துக்கு இது தேவையில்லை என்று தெரியும். ஆனாலும் ஒரு சொல் எவ்வளவு தூரம் வழுக்கிப் போகலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. சிறுபிள்ளைகளின் பிறந்தநாள் வீட்டில் 'மேஹெம்' என்று இன்று சிரித்துக்கொண்டு எழுதுகிறார்கள்.

அடியைக் குறிக்கும் சொற்கள் பெரும்பாலும் வேலைத்தலத்திலிருந்து வந்தவை. 'த்ராஷ்' என்பது நெல் அடிக்கும் 'த்ரெஷ்' தான், உச்சரிப்பு மட்டும் பிரிந்தது. களவெட்டியில் சூடு மிதித்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு இது உடனே விளங்கும். பழைய ஜெர்மானிய மொழிகளில் அந்த வேரின் முதற்பொருளும் காலால் மிதிப்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் கருதுகிறார்கள், தடியால் அடித்துப் பிரிப்பது பிந்தியது. வீட்டு வாசற்படிக்கு ஆங்கிலத்தில் உள்ள 'த்ரெஷோல்ட்' என்ற சொல்லின் முன்பாதியும் அந்த வேரோடு சேர்ந்தது. பின்பாதி என்னவென்று இன்னும் தீரவில்லை. நாம் களத்தைவிட்டு வண்ணான் துறைக்குப் போய்விட்டோம். வெளுத்து வாங்கினான், துவைத்து எடுத்தான் என்று நாம் சொல்வதெல்லாம் அங்கிருந்து வந்தவை. இரண்டு ஊர்க்காரரும் அடிப்பதற்கு உவமை தேடியது உழைப்பில்தான்.

முஷ்டியால் குத்துவதைக் குறிக்கும் 'பம்மல்' ஒரு பழத்திலிருந்து வந்தது. வாளின் பிடிமுனையில் உள்ள உருண்டைக்கு, சின்ன ஆப்பிள் என்ற பொருளில் பிரெஞ்சுக்காரர் பெயர் வைத்தார்கள். வாளைத் திருப்பி அந்த உருண்டையால் முகத்தில் இடித்தது வினையானது.

'ட்ரப்' என்று ஒரு சொல் உண்டு. தடியால் நன்றாகச் சாத்துவது, இப்போது பெரும்பாலும் கிரிக்கெட்டில் படுதோல்விக்குப் பாவிக்கிறார்கள். 17ஆம் நூற்றாண்டில் துருக்கி, வட ஆபிரிக்கப் பக்கம் போய்வந்த ஆங்கிலேயப் பயணிகளின் எழுத்தில்தான் முதலில் தலைகாட்டுகிறது. அங்கே உள்ளங்காலில் பிரம்பால் அடிக்கும் தண்டனையைப்பற்றி எழுதும்போது. ஆகவே அரபியின் 'ளரப' என்ற வினையிலிருந்து வந்திருக்கும் என்பது அகராதிக்காரர்களின் கருத்து. நிச்சயம் என்று எவரும் அடித்துச் சொல்வதில்லை, காலமும் இடமும் பொருந்துகின்றன என்கிறார்கள். காத்தான்குடியிலோ சம்மாந்துறையிலோ மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வினையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அரபி இலக்கணத்தில் முதலில் மனனம் செய்வதே அதுதான். ஸைத் அம்ரை அடித்தான் என்று நூற்றாண்டுகளாக அந்தப் பாடத்தில் ஸைத் அடித்துக்கொண்டே இருக்கிறார், அம்ர் என்ன குற்றம் செய்தார் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை.

ஒல்லாந்தர் பங்கும் சின்னதில்லை. 1602இல் அவர்களின் கப்பல் இலங்கையில் முதலில் வந்து நின்றது மட்டக்களப்பில்தான். 1638இல் போர்த்துக்கேயரின் கோட்டையை அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். கந்தோர், லாச்சி என்று நம் வாயில் அவர்கள் விட்டுப்போன சொற்கள் வீட்டுச் சொற்கள். ஆங்கிலேயருக்கு அவர்கள் கொடுத்ததில் முரட்டுச் சொற்களும் இருக்கின்றன. குற்றம் செய்த மாலுமியைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் அடியால் இழுக்கும் தண்டனை 'கீல்ஹோல்', சொல்லும் செயலும் அவர்களுடையவை. இப்போது மேலதிகாரி கீழ்மட்டத்தவரைக் கடுமையாக ஏசுவதற்கு அது வந்துவிட்டது. 'ஹஸல்' என்பது குலுக்குதல். தொப்பிக்குள் காசைப் போட்டுக் குலுக்கி விளையாடிய ஒரு சூதிலிருந்து நெருக்கித் தள்ளுவதற்கும், பிறகு அமெரிக்காவில் ஓடியாடிப் பிழைப்பதற்கும் போய்விட்டது.

எல்லாவற்றிலும் விசித்திரமானது 'புல்லி'. இன்று பலவீனரைத் துன்புறுத்துகிறவன். 16ஆம் நூற்றாண்டில் அதற்குப் பொருள் கண்ணே, ராசா என்பதுபோல ஒரு செல்ல விளி, ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. காதலன் அல்லது சகோதரன் என்ற பொருளுள்ள ஓர் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்திருக்கலாம். ஷேக்ஸ்பியரின் 'எ மிட்சமர் நைட்ஸ் ட்ரீம்' நாடகத்தில் பொட்டம் என்ற நெசவாளரை அவருடைய கூட்டாளி இந்தச் சொல்லால்தான் அன்பாகக் கூப்பிடுகிறார். உயர்தரத்தில் ஆங்கில இலக்கியம் படிக்கும் பிள்ளைகள் அந்த இடத்தில் திகைப்பதைப் பார்த்திருக்கிறேன். செல்லப்பிள்ளை எப்படி அடியாள் ஆனார்? நல்ல ஆள், பிறகு வீறாப்பு பேசும் ஆள், பிறகு அந்த வீறாப்பை எளியவனிடம் காட்டும் ஆள் என்று படிப்படியாக இறங்கியதாகத்தான் தெரிகிறது. 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் இறக்கம் முடிந்துவிட்டது. பல்கலைக்கழகங்களில் நடப்பதற்கு நாம் பகிடிவதை என்கிறோம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் ஆங்கிலத்தில் 'ராகிங்' என்கிறது. அந்த 'ராக்' எங்கே பிறந்தது என்பதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட விடை கிடையாது. தமிழில் பகிடியையும் வதையையும் ஒரே சொல்லில் கட்டி வைத்தவர் யாரோ, கெட்டிக்காரர்.

நெசவைச் சொன்னதால் இன்னொன்று. மருதமுனைக்காரர் பெருமைப்படலாம். 'டீஸ்' என்றால் கேலிசெய்வது என்றுதானே தெரியும். பழைய ஆங்கிலத்தில் அது கம்பளி மயிரைப் பிய்த்துச் சிக்கெடுப்பது. கூட்டத்தில் பேச்சாளரை இடைமறித்துக் கேள்விகேட்டுக் குடைவது 'ஹெக்கிள்'. அது சணல் நாரை இரும்புப் பற்கள் வைத்த சீப்பால் வாருவது. ஸ்கொட்லாந்தில் தேர்தல் வேட்பாளரைக் கேள்வியால் வாரினார்கள் என்று அரசியலுக்குப் போனது.

இந்தச் சொற்களைக் கேட்டுப் பாருங்கள்: ஹேண்டில், மேங்கிள், ஹஸல், ஹெக்கிள், நெரிசலில் இடிபடும் 'ஜொஸில்', கட்டிப்புரளும் 'டஸில்', 'ஸ்கஃபில்', மல்யுத்தத்தின் 'ரெஸில்'. கடைசியில் எல்லாவற்றிலும் ஒரே லகர ஓசை. எல்லாம் ஒரே விகுதி இல்லை. 'ஹெக்கிள்' சீப்பின் பெயரிலேயே அந்த ஓசை உண்டு. ஆனால் பலவற்றில் அது, ஒரு செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று காட்டும் பழைய விகுதி. ஒருதரம் முறுக்கிப் பிடுங்குவது 'ரெஸ்ட்', அதையே மாறிமாறிச் செய்தால் மல்யுத்தம். குதிரையில் வந்து ஈட்டியால் மோதுவது 'ஜௌஸ்ட்', அதையே சின்னதாகப் பலதரம் செய்தால் பஸ்ஸில் இடிபடுவது. இந்த விகுதி பெரும்பாலும் வலிமையைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டுகிறது. அதனால்தான் 'ஜொஸில்', 'டஸில்', 'ஸ்கஃபில்' மூன்றும் கனம் குறைந்த சொற்கள். கைகலப்பு, தள்ளுமுள்ளு என்ற அளவு. அவற்றில் இன்னொரு சங்கதியும் உண்டு. 'டஸில்', 'ஸ்கஃபில்' என்று எழுதினால் இரண்டு பக்கமும் கைபோட்டது என்று ஆகிவிடும். தம்பி திருப்பிக் கைநீட்டவில்லை என்றால் அந்த இரண்டையும் தொடவே தொடாதீர்கள்.

சொற்பிறப்புக் கதைகளை வட்ஸ்அப்பில் வருவதுபோல நம்பாதீர்கள் என்பதற்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். கட்டைவிரல் தடிப்புக்கு மேற்படாத தடியால் மனைவியை அடிக்கலாம் என்று ஆங்கிலச் சட்டம் இருந்தது, அதிலிருந்துதான் 'ரூல் ஒஃப் தம்ப்' என்ற தொடர் வந்தது என்று மகளிர் தினக் கூட்டங்களில்கூடப் பேசுகிறார்கள். அப்படி ஒரு சட்டம் இருந்ததில்லை. 1782இல் பிரான்சிஸ் புல்லர் என்ற நீதிபதி அப்படிச் சொன்னதாக ஒரு பேச்சு பரவி, கேலிச்சித்திரக்காரர்கள் அவரைக் கட்டைவிரல் நீதிபதி என்று கிண்டலடித்தார்கள். அது உண்மை. ஆனால் அந்தத் தொடர் அதற்கு நூறு வருடத்துக்கு முன்பே, கையளவு கண்ணளவில் செய்வது என்ற பொருளில் இருந்திருக்கிறது. மனைவியை அடிப்பதை அன்றைய நீதிமன்றங்கள் கண்டும் காணாமல் விட்டதும் உண்மைதான், அதற்கு இந்தத் தொடரைச் சாட்சிக்கு இழுக்கத் தேவையில்லை.

விசாரணையில்லாமல் கும்பலாகச் சேர்ந்து ஒருவரைக் கொல்வதைக் குறிக்கும் 'லிஞ்ச்' ஒரு குடும்பப் பெயரிலிருந்து வந்தது என்பதில் சந்தேகமில்லை. அமெரிக்காவின் வெர்ஜினியாவில் வில்லியம், சார்ள்ஸ் என்று இரண்டு லிஞ்ச்கள் இருந்தார்கள், எவர் என்பதில் தகராறு. பலமாக அடிக்கும் 'குளொபர்', அடித்துத் தோற்கடிக்கும் 'ட்ரௌன்ஸ்', குண்டாந்தடியைக் குறிக்கும் 'பிளஜன்' ஆகிய மூன்றுக்கும் பிறப்பு அறியப்படவில்லை என்றுதான் நல்ல அகராதிகள் எழுதுகின்றன. எங்காவது இவற்றுக்குச் சுவையான கதை வாசித்தால் சிரித்துவிட்டுக் கடந்துபோங்கள்.

சரி, மறுகா கடிதத்துக்கு வருவோம். 'மேன்ஹேண்டில்' இருக்கட்டும், ஆனால் அதைத் தனியே விடாதீர்கள். அது ஒரு தீர்ப்புச் சொல், வாசிப்பவருக்குக் காட்சி தராது. அதற்கு அடுத்த வசனத்திலேயே என்ன நடந்தது என்று வரிசையாக எழுதுங்கள்: கொலரைப் பிடித்தார், இழுத்தார், பொத்தான் தெறித்தது, நெஞ்சில் இரண்டு கையாலும் தள்ளினார், தம்பி வேலிக்கட்டையில் விழுந்தார். பிடித்தல், இழுத்தல், தள்ளுதல், விழுதல் ஆகியவற்றுக்குப் பள்ளிக்கூட ஆங்கிலமே போதும். தமிழ் முறைப்பாட்டில் என்ன வரிசையோ அதே வரிசை கடிதத்திலும் இருக்கவேண்டும். முறைப்பாட்டில் தள்ளினார் என்றும் கடிதத்தில் அடித்தார் என்றும் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் குறிப்பிடுங்கள். சட்ட வைத்திய அதிகாரி தம்பியைப் பரிசோதித்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லுங்கள், காயத்தை நீங்களே வருணிக்கவேண்டாம். 'பேட்டர்' பலமுறை விழுந்த அடிக்கு, இங்கே பொருந்தாது. 'ரஃப் அப்' என்றால் ஓரளவு அடியும் விழுந்திருக்கவேண்டும், அதோடு அது பேச்சுவழக்கு, சட்டத்தரணிக்குப் போகும் கடிதத்துக்கு உதவாது.

இரண்டு சொற்களில் மட்டும் கவனம். பின்னூட்டத்தில் ஒருவர் 'மொலெஸ்ட்' நாகரிகமாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். லத்தீனில் அது தொல்லை கொடுப்பது, அவ்வளவுதான். ஸ்பானிய மொழியில் இன்றைக்கும் கதவைத் தட்டி, உங்களைத் தொந்தரவு செய்கிறேனா என்று கேட்க அந்தச் சொல்தான். ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அதற்குப் பாலியல் பொருள் முந்திவிட்டது. அதை எழுதினால் நடக்காத ஒன்றைப் பக்கத்து வளவுக்காரர்மேல் சுமத்தியதாகும், அவர் உங்கள்மேல் வழக்குப் போட வழிதிறக்கும். 'ஹரஸ்' அவ்வளவு மோசமில்லை. நாயை ஏவிவிடும் ஒரு பழைய பிரெஞ்சுக் கூப்பாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்பார்கள், அதுவும் ஊகம்தான். அது ஒருநாள் சம்பவத்துக்குச் சரிவராது, விடாமல் தொடரும் தொல்லைக்கு வருவது. இந்த வேலிப் பிரச்சினை முன்பும் நடந்திருக்கிறது, அவர் வந்து வந்து ஏசியிருக்கிறார் என்றால், அந்தப் பழைய சம்பவங்களைத் திகதியோடு தனிப் பந்தியில் எழுதி, அங்கே மட்டும் அதைப் பாவியுங்கள். கடிதத்தை அனுப்புமுன் பெயர்களையும் வளவு விபரத்தையும் மறைத்து இங்கே போட்டால் ஒருதரம் பார்த்துத் தருகிறேன்.